கோச் கை காட்டும் ஆள்

மார்லா உருளைக்கிழங்கு சாலட் தட்டைத் தூக்கிக்கொண்டு லாரிகளுக்கு இடையே நுழைந்ததும் பேச்சு பட்டென்று நின்றது. மருந்துக்கடை ஹாஸ்கல் கையிலிருந்த போனை ஐஸ்பெட்டியின் மேல் குப்புறக் கவிழ்த்தான். ஓப்பல் அக்கா இப்போதுதான் திருப்பிப் போட்ட சாஸேஜ்களை மறுபடி ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். மார்லாவின் அண்ணன் டெல்பர்ட் மட்டும் பீர் டின்னை வாயிலிருந்து எடுக்காமல் வானத்தைப் பார்த்தான். வானத்தில் ஒன்றுமில்லை. சாவு வீட்டுக்குள் நுழைகிறவளுக்குத்தான் இப்படி வழிவிடுவார்கள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? என்னப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சா?" என்று தட்டை வைத்தாள்.

"உன் புருஷனப் பத்தி ஒண்ணுமில்ல" என்றான் ஹாஸ்கல். அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தாலே நன்றாக இருந்திருக்கும்.

இந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுகிறேன் என்று டில்மன் கோச் சொன்ன நாளிலிருந்து டாலிஸ் ஊரில் வேறு பேச்சே கிடையாது. மழை தள்ளிப்போனதைப் பற்றிக்கூட ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிசிசிப்பியில் பருத்தி விதைத்தவன் மழையை மறந்துவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கோச் யார் என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, அது யார் என்று சொல்லும் உரிமை டில்மனுக்கு உண்டா இல்லையா என்பது. சர்ச் வாசலிலும் முடிவெட்டும் கடையிலும் பல்வைத்தியர் நாற்காலியில் வாயைத் திறந்தபடியும் இதே வாக்குவாதம். கல்லூரி பேஸ்பால் அணிக்குப் பெயர் கோவேறு கழுதைகள். ஊருக்கும் அதே பிடிவாதம். முப்பது வருடமாக அந்தக் கழுதைகளைக் கட்டி மேய்த்தவர் டில்மன். அதில் பதினான்கு வருடம் அவருக்கு அடுத்தபடியாக நின்று, பந்து வீசும் பையன்களின் தோள்பட்டையையும் மனசையும் பார்த்துக்கொண்டவன் கர்டிஸ். கர்டிஸ்தான் மார்லாவின் புருஷன்.

மற்ற கோச்களின் மனைவிமார், மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் நிழல் விழும் நாற்காலிகளில் உட்காருவார்கள். நல்லது கெட்டது அவர்கள் காதுக்கு வடிகட்டித்தான் போகும். மார்லாவுக்கு அங்கே உட்கார வராது. இடது பக்க வேலிக்கு வெளியே, பழைய லாரி முதுகுகளில் பலகை அடித்து, அடுப்பு மூட்டி, மொத்த ஊரும் குடியிருக்கிற இந்த இடம் அவள் அப்பா பிடித்து வைத்தது. அப்பா போனபின் இடம் டெல்பர்டுக்கும் அவளுக்கும் வந்தது. அதனால் கர்டிஸைப் பற்றி ஊர் சொல்கிற ஒவ்வொன்றும், சாஸேஜ் புகையோடு சேர்ந்து, சுடச்சுட அவளிடம்தான் வந்து சேரும். நாளைக்குப் பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டங்கள் தொடங்குகின்றன. அதற்காகத்தான் இன்றைக்கே வந்து லாரியை நிறுத்திக் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சும்மா முழுங்காத டெல்பர்ட்" என்றார் ஓப்பல் அக்கா. பள்ளிக்கூடச் சமையலறையை ஒரு தலைமுறைக்கு ஆண்டவர். அவர் குரலுக்கு இன்றைக்கும் ஊரில் பாதிப் பேர் வரிசையில் நிற்பார்கள். "எங்கிட்டச் சொன்னத உன் தங்கச்சி முகத்தப் பாத்துச் சொல்லு."

"சொல்றதுக்கென்ன பயம்? கிணறு வெட்டினவனுக்கே தண்ணி பூரா சொந்தமா? வேல பாத்தாரு, சம்பளம் வாங்கினாரு, தலையில தூக்கி வச்சு ஆடினோம். போறப்போ எந்திரிச்சு நின்னு கைதட்டுவோம். அதோட சரி. அந்த நாற்காலி இன்னாருக்குன்னு எழுதி வைக்க, அது என்ன அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

"பெத்த பிள்ளையாட்டம் வளத்தவருக்கு, அதை யார் கையில பிடிச்சுக் குடுக்கணும்னு சொல்ல வாயில்லையா? நல்ல நியாயம்டா!"

"அவரு தாராளமாச் சொல்லட்டும்" என்று ஹாஸ்கல் நடுவில் புகுந்தான். "யாரச் சொல்றாருன்னு நமக்குத் தெரியட்டும். அப்புறம், அவரு சொல்லலாமா கூடாதான்னு நாம முடிவு பண்ணிக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. ஹாஸ்கலும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

கோச் வாயைத் திறந்தால் கர்டிஸ் பெயர்தான் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் கர்டிஸ் வேண்டும் என்பவர்கள், கோச்சுக்கு உரிமை உண்டு என்றார்கள். கர்டிஸ் வேண்டாம் என்பவர்கள், உரிமை கிடையாது என்றார்கள். இவ்வளவுதான் விவகாரம். வேண்டாம் என்பவர்களுக்குக் காரணம் ஒன்றே ஒன்று. மூன்றாவது பேஸ் பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் நின்று, ஓட்டத்தின் கடைசித் திருப்பத்தில் ஓடி வருகிற பையனைப் பார்த்து 'போ' என்று கையைச் சுழற்றுவதும், 'நில்' என்று இரண்டு கையையும் உயர்த்துவதும் டில்மன் கோச்சின் வேலை. வேறு யாரையும் அங்கே நிற்க விடமாட்டார். ஒரு தடவை காய்ச்சலில் படுத்தபோது மட்டும் கர்டிஸை நிற்கச் சொன்னார். கடைசிச் சுற்று, சமநிலை, கர்டிஸ் கையைச் சுழற்றினான். பையன் ஓட்டம் முடிகிற தட்டை மிதிப்பதற்குள் பந்து அங்கே வந்து சேர்ந்துவிட்டது. கோப்பையும் அதோடு போயிற்று. பதினான்கு வருடத்தில் அவன் தேற்றிவிட்ட பையன்களை ஊர் மறந்துவிடும். அந்த ஒரு கைச் சுழற்றலை மறக்காது. மளிகைக் கடையில் மார்லாவுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு கிழவர்கூட, "கையச் சுத்தினவன் சம்சாரமா?" என்று விசாரித்திருக்கிறார்.

வேலிக்கு உள்ளே பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். கர்டிஸ் மட்டும் தனியாக அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தான். நின்று, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். வயிற்றெரிச்சல் மாத்திரை. இரண்டு மாதமாக அதுதான் அவனுக்குப் பாதிச் சாப்பாடு. டில்மன் கோச்சைக் காணவில்லை.

"கோச் எங்க?" என்றாள் மார்லா.

ஹாஸ்கல் டெல்பர்டைப் பார்த்தான். டெல்பர்ட் ஓப்பல் அக்காவைப் பார்த்தான். கடைசியில் ஓப்பல் அக்காதான் இடுக்கியைக் கீழே வைத்தார். "காட்டிடு ஹாஸ்கல். நாளைக்கு ஊரே சொல்லிக் கேக்குறதவிட இப்பவே பாத்துடட்டும்."

ஹாஸ்கல் போனைத் திருப்பினான். திரையில் வரைபடம், அதன்மேல் மஞ்சளாக ஒரு குட்டி விமானம். மார்லாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கல்லூரி எங்காவது அவசரமாக ஆள் அனுப்பவேண்டுமென்றால் மர அறுப்பு மில் முதலாளியின் விமானத்தைத்தான் இரவல் கேட்கும். அது எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று போனில் துரத்திப் பார்த்து, அடுத்த கோச் யார் என்று ஜோசியம் சொல்வது இந்த ஊரின் புதுப் பைத்தியம். வெளியே சொன்னால் வெட்கக்கேடு, மார்லாவும், தான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில், துணி மாற்றும் அறையில் நின்றுகொண்டு, தினமும் அதே மஞ்சள் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் நோயாளிக் கூட்டத்தில் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

"காலைல ஏறிச்சு. ஹூஸ்டன்ல இறங்கிச்சு. பகல் முழுக்க அங்கதான் நின்னுச்சு" என்றான் ஹாஸ்கல். "இப்பத் திரும்பி வந்துட்டிருக்கு. கோச் வண்டி விடிஞ்சதுலேருந்து விமான நிலையத்து வாசல்ல நிக்கிது. என் தம்பி பாத்தான்."

ஹூஸ்டன் என்றால் ப்ரூக்ஸ். டில்மனிடம் ஆடிய பையன். இப்போது அங்கே ஒரு பெரிய கல்லூரிக்குக் கோச். சுவர் நிறையக் கோப்பை. கோச் பயிற்சியை விட்டுவிட்டுத் தானே நேரில் போயிருக்கிறார். கர்டிஸைப் பயிற்சி நடத்தச் சொல்லிவிட்டு, அவன் இடத்துக்கு ஆள் கூட்டிவரப் போயிருக்கிறார்.

"ப்ரூக்ஸ்னா..." டெல்பர்ட் தாடையைத் தடவினான். "ப்ரூக்ஸ்னா சரிதானே. முப்பது வருஷ அனுபவம், மனுஷனுக்குத் தெரியாதா யாரு லாயக்குன்னு? அவரு சொன்னா கேட்டுக்கணும்."

"அதெப்படி?" ஓப்பல் அக்கா சீறினார். "போற ஆளு போக வேண்டியதுதானே? இருக்கிறவன் தலையில கைய வைக்க இவரு யாரு? கல்லூரிக்குன்னு நிர்வாகம் ஒண்ணு இல்ல?"

இருவரும் கட்சி மாறி உட்கார்ந்துகொண்டதை இருவருமே கவனிக்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் மார்லா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது அவள் மனசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கோச்சின் மனைவி நெல்டாம்மா ஒரு மாதமாகச் சர்ச்சுக்கு வரவில்லை. ஆட்டத்துக்கு வந்த ஒரே நாளும் தலையில் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பாதியிலேயே எழுந்து போய்விட்டார். மார்லா கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவை எடுத்து, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் கண்ணு, இப்ப வேணாம்" என்று வைத்துவிட்டார். குரலில் ஏதோ பரிதாபம் இருந்தது. அன்றைக்கு ராத்திரி முழுக்க மார்லா அந்தக் குரலைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. முகத்தைப் பார்க்கக் கூசியிருக்கிறார்கள், வேறென்ன. மார்லாவுக்கு முதல் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் விடிய விடியக் கூட இருந்த மனுஷி!

புதுக் கோச் வந்தால் தன் ஆட்களோடுதான் வருவான். பழைய ஆட்கள் பெட்டி கட்ட வேண்டியதுதான். நாற்பத்தாறு வயதில் கர்டிஸை எந்தக் கல்லூரி கூப்பிடும்? இங்கே வருவதற்கு முன்பு மூன்று ஊர் மாறியாயிற்று. மூன்று ஊரிலும் அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். சொந்த ஊருக்கே வேலை கிடைத்து வந்தபோது, இனி பெட்டி கட்டமாட்டேன் என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதவள் அவள். அந்தத் தரை இப்போது காலுக்குக் கீழேயிருந்து நழுவுகிறது.

வேலி ஓரமாகப் போய் நின்றாள். கர்டிஸ் பார்த்துவிட்டு வந்தான். முகம் வெயிலில் கன்றியிருந்தது.

"கோச் எங்க போறேன்னு சொன்னாரா?"

"இல்ல. புதன்கிழம வரமாட்டேன், நீ பாத்துக்கன்னாரு. நான் கேக்கல."

"கேட்டா என்னவாம்?"

கர்டிஸ் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "கேட்டா பதில் சொல்லுவாரே மார்லா. அதான்."

பதினான்கு வருடப் பயமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அவனைத் திட்டவேண்டும் போலவும் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது அவளுக்கு. நடுவில் வேலி.

"எல்லாரும் விமான நிலையத்துக்குக் கிளம்புறாங்க. நானும் போறேன்."

"போகாத. போய் என்ன பண்ணப் போற?"

"கோச் முகத்த ஒரு தடவ பாக்கணும். அவரு என்னப் பாக்குறாரான்னு பாக்கணும்."

அவள் திரும்பி வருவதற்குள் டெல்பர்ட் லாரி முதுகில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்துப்போட்டு, களஞ்சியத்துக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டில் 'வருக ப்ரூக்ஸ்' என்று எழுதி முடித்திருந்தான். ப்ரூக்ஸுக்கு இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மார்லா அதையே பார்த்தாள். கல்யாணத்துக்கு அவர்கள் அம்மா கொடுத்த விரிப்புகளில் ஒன்று. அவளிடமும் அதே போல ஒன்று இருக்கிறது.

"அண்ணே, நீயுமா?"

"கோவிச்சுக்காத. மாப்ள நல்லவன்தான். தங்கமானவன். நல்லவனா இருக்கிறது வேற, ஜெயிக்கிறது வேற." டெல்பர்ட் பெயிண்ட் டப்பாவை மூடினான். "வர்றவன் முகம் கோணாம வரட்டும்னு பாக்குறேன். நாளைக்கு உன் புருஷனையும் கூட வச்சுக்கப்பான்னு அவன்கிட்ட நான்தானே கேக்கணும்?"

அவனை வெறுக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

டாலிஸ் விமான நிலையம் என்பது ஒரு தகரக் கொட்டகை, காற்றின் திசை காட்டும் ஒரு துணிப்பை, வயலுக்கு மருந்து தெளிக்கிற இரண்டு விமானங்கள். வேலி ஓரமாக ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். யாரோ கழுதை மணி கொண்டுவந்திருந்தார்கள். பொழுது சாய்ந்து வெயில் மஞ்சளாகப் படுத்திருந்தது. டில்மனின் பழைய வண்டி வாசலுக்கு வெளியே நின்றது. அதன் பின்சீட்டில் ஒரு தலையணை கிடப்பதை மார்லா பார்த்தாள். பார்த்தாளே தவிர, அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. அவள் கண் முழுக்க வானத்தில் இருந்தது.

விமானம் இறங்கி, ஓடி, திரும்பி, அவர்களுக்கு எதிரே வந்து நின்றது. மணி அடித்தது. டெல்பர்டும் ஹாஸ்கலும் விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உயர்த்தினார்கள். பெயிண்ட் இன்னும் காயவில்லை. மார்லா அண்ணனுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடவுளே, அவன் இறங்கும்போது நான் அழக்கூடாது, அது போதும்.

கதவு திறந்து படி இறங்கியது. முதலில் டில்மன் கோச் இறங்கினார். தலையில் அதே அணித் தொப்பி. கூட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. தரைக்கு வந்ததும் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் மேலே நீட்டினார். சுண்ணாம்புக் கட்டத்துக்குள் நின்று 'நில், அவசரப்படாதே' என்று ஓடி வருகிறவனுக்குக் காட்டுவாரே, அப்படியே. அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, தலையில் துணி கட்டிய ஒரு மெலிந்த உருவம் இறங்கியது.

அது நெல்டாம்மா என்று புரிய மார்லாவுக்குச் சற்று நேரம் ஆனது. கன்னம் ஒட்டி, கை குச்சியாக, மணிக்கட்டில் ஹூஸ்டன் ஆஸ்பத்திரிப் பட்டையோடு. துணிக்குக் கீழே முடி இல்லை.

பின்னால் வேறு யாரும் இறங்கவில்லை. விமானி கதவைச் சாத்தினான்.

மணி எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. ஓப்பல் அக்கா, "ஐயோ சாமி" என்று வாயைப் பொத்திக்கொண்டார். தொப்பிகள் ஒவ்வொன்றாகத் தலையிலிருந்து இறங்கின. ஹாஸ்கல் தன் முனையை விட்டுவிட்டான். விரிப்பு டெல்பர்டின் கையில் ஈரத்துணியாகத் தொங்கியது. மருந்துக்கடைக்காரனுக்கே தெரியவில்லை; மருந்தை வேறு ஊரில் வாங்கியிருக்கிறார்கள்.

அவர்கள் வேலி வாசலைத் தாண்டித்தான் வண்டிக்கு வரவேண்டும். கூட்டம் விலகியது. கோச் அவளுக்கு நேராக வந்து நின்றார். தூங்காத கண். கோபமாகவாவது பார்ப்பார் என்று நினைத்தாள். அதற்குக்கூட அவரிடம் தெம்பு மிச்சமில்லை.

"நல்லவேள, நீ இருக்க" என்றார். "போன் செத்துப்போச்சு. கர்டிஸ்கிட்டச் சொல்லிடு. நாளைக்கு என்னால கட்டத்துல நிக்க முடியாது. மூணாவது பேஸ் பக்கம் அவன நிக்கச் சொல்லு."

சரி கோச் என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். மார்லாவின் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"நாளைக்கு மட்டுமா கோச்?"

சொன்ன கணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் பதில் வேண்டும், பாவிகளுக்கு. கோச் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல உதடு பிரிந்தது.

"ராய்ஸ், குளிருது" என்று நெல்டாம்மா புருஷனைக் கூப்பிட்டார்.

மே மாதத்து மிசிசிப்பி. எல்லாருக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கோச் உடனே திரும்பிவிட்டார். தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். அதற்கு மேலே கழற்றிக் கொடுக்கக் கோட்டு எதுவும் இல்லை. நெல்டாம்மாவின் கண் அப்படியே சுற்றிவந்து டெல்பர்டிடம் நின்றது.

"அது என்னப்பா கையில? அதக் குடு."

"அம்மா, இது... இதுல பெயிண்ட்டு..." டெல்பர்ட் விரிப்பைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். அத்தனை பெரிய ஆள், கண்ணில் தண்ணீர் நின்றது.

"இருந்துட்டுப் போகுது. குடு."

அவன் கை வரவில்லை. மார்லாதான் அதை வாங்கி, உதறி, நெல்டாம்மாவின் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டாள். தோள் எலும்பு கையில் குத்தியது. ஈரப் பெயிண்ட் உடம்பில் படாமல் சிவப்பு எழுத்துகள் வெளிப்பக்கம் இருக்கும்படி அவளால் முடிந்தவரை பார்த்துக்கொண்டாள். நெல்டாம்மா துணியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, அவள் விரலைக் கொஞ்சம் அழுத்தினார். "அன்னைக்கு உங்கிட்டச் சொல்லணும்னேனே கண்ணு. இதான்."

கோச் அவரைப் பின்சீட்டில் தலையணையோடு சாய்த்து உட்காரவைத்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார். செம்மண் பாதையில் வண்டி குலுங்கிக் குலுங்கி, மெதுவாகப் போயிற்று.

மார்லாவின் கையில் போன் அதிர்ந்தது. கர்டிஸ். விரலில் ஒட்டிய பெயிண்ட் திரையிலும் அப்பியது.

"என்னாச்சு?" என்றான். பின்னால் பையன்கள் அடிக்கிற பந்துச் சத்தம் கேட்டது. "வந்தாச்சா? யாரு இறங்கினது மார்லா?"

வண்டி பாதைத் திருப்பத்தில் நின்று, பக்கவாட்டில் தெரிந்தது. பின்சீட்டுக் கண்ணாடியில் நெல்டாம்மாவின் தலை சாய்ந்திருந்தது. தோளிலிருந்து சரிந்த விரிப்பு கண்ணாடியோடு அழுந்தி, ப்ரூக்ஸ் பெயரின் நெருக்கியடித்த எழுத்துகள் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"மார்லா? யாரு?"